காயாகவே பறித்த தக்காளி

அக். 26, ஞாயிறு. விடியலிலிருந்து மழை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன். மஞ்சுளா அக்கா ரயிலிலிருந்து பைகளை இறக்கினாள். வழக்கத்தைவிட மூன்று மடங்கு கனம். பச்சைத் தக்காளி, பிஞ்சுப் பூசணி, கத்திரி, கொத்தவரை. தக்காளியில் பழுத்தது ஒன்றுகூட இல்லை.

"இன்னாக்கா, செடியோட புடுங்கிக்கினு வந்துட்டியா?" என்றேன்.

"ஏரி ரொம்பிக்கினு கீதுடி. தொறந்தா மொதல்ல என் நெலந்தான். தண்ணி துன்றதுக்கு நீங்க துன்னுங்க."

பொன்னேரிப் பக்கம் அவளுக்கு ஒரு ஏக்கர் குத்தகை. ஆடியில் இருபது வீடு சேர்ந்து பங்கு போட்டோம். வாரம் ஒரு பை காய், தை வரை. போன வாரத்துக் காலிப் பையைத் துவைத்துத் திருப்பித் தரவேண்டும். தராதவர் விலகிவிட்டார் என்று அர்த்தம். பங்கு குறைந்தால் தையில் நிலம் வேறு ஆளுக்குப் போகும். நிலத்துக்காரர் முன்பே சொல்லிவிட்டார்.

சாயங்காலம் பங்குக்காரர்களின் வாட்சப் குரூப்பில், அபார்ட்மெண்டில் குடியிருக்கும் ஃப்ளாட் சார்: 'இது காய்கறியா, மாட்டுத் தீவனமா? நான் விலகுகிறேன்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்.

எரிச்சலில் தட்டினேன். வேண்டாத காயை என் ரூமில் கொடுங்கள். அடுத்த ஞாயிறு பை வராவிட்டாலும் ஊறுகாயாக, வற்றலாகத் திருப்பித் தருகிறேன். யாரும் விலகாதீர்கள்.

அனுப்பிய பிறகு நினைவு வந்தது. ரூமில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வெளியே வெயில் கிடையாது. எனக்கு ஊறுகாய் போடத் தெரியாது.

27, திங்கள். மழை.

வாசல் அடைத்துக் காய். ஹவுஸ் ஓனர் எட்டிப் பார்த்து, "ரூமா, கோயம்பேடா?" என்று கேட்டுவிட்டுப் போனார். போகும்போது ஒரு பூசணி அவர் கையில்.

நல்லவேளை, ரூம்மேட் பவானி ஆந்திர எல்லைத் தடாக்காரி.

"பழுத்தா ரசம். காயா இருந்தாதான் பச்சடி, எங்க ஊரு ஊறுகா. எங்க நைனா அது இல்லாம சோத்துல கைய வெக்காது. இதுகூட தெரில உனுக்கு?"

அவள் சொன்னது, மறக்காமலிருக்க:

பூசணி – நகத்தால் அழுத்து. இறங்கினால் இந்த வாரமே கூட்டு. இறங்காவிட்டால் காம்போடு வை, பொங்கல் வரை கிடக்கும். (எல்லாவற்றிலும் இறங்கியது.)

தக்காளி – துடைத்து ஃபேன் காற்றில் ஈரம் போகவேண்டும். நறுக்கி உப்பு, மஞ்சள். மறுநாள் பிழிந்து நல்லெண்ணெயில் புளியோடு சுருள வதக்கி, மிளகாய்த்தூள், கடுகு–வெந்தயப் பொடி. பாட்டிலில் எண்ணெய் மேலே நிற்கவேண்டும்.

கத்திரி, கொத்தவரை – உப்பு நீரில் ஒரு கொதி. பிறகு வெயில். எந்த வெயில்?

29, புதன். மழை. கை முழுக்க மிளகாய் எரிச்சல்.

வெயிலுக்கு வழி கண்டுபிடித்தேன் என்று நினைத்தேன். கம்பெனியில் ஃபேன் மூடிகளுக்குப் பெயிண்ட் சுடும் ஓவன். அதன் கூரைத் தகடு எப்போதும் சூடு. நேற்று ஷிப்டில் நான்கு தட்டு வற்றலை அதன்மேல் வைத்தேன். இன்று எடுக்கும்போது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, ஃபேன் பண்றமா, கொழம்பு பண்றமா?"

"வெயில் இல்ல சார்."

"அதுக்கு? இன்னொரு தபா பாத்தேன், கேட்டோட அனுப்பிடுவேன்."

கான்ட்ராக்ட் ஆளை அனுப்ப ஒரு போன் போதும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வற்றல் நன்றாகவே காய்ந்திருந்தது. பவானி ஒன்றைக் கடித்துத் துப்பினாள். "த்தூ! பெயிண்ட்டுடி!"

எல்லாம் குப்பைக்கு. கத்திரிக்காய் அந்தக் காற்றை இரண்டு ஷிப்ட் தாங்கவில்லை. நாங்கள் இரண்டு வருடமாக அதைத்தான் மூச்சில் இழுக்கிறோம். அதைச் சொல்ல யாருக்குப் போன் போடுவது?

சொன்ன வாக்கில் பாதி போயிற்று. மிச்சம் பச்சடி மட்டும்.

31, வெள்ளி. தூறல்.

அக்கா போனில். ஏரி திறந்தாயிற்று. நிலத்தில் இடுப்பளவு தண்ணீர்.

"வடியாதாக்கா?"

"எங்க வடியும்? போற கால்வா மேலதான குடோன்காரன் செவுரு கட்டிக்கிறான். சொல்லப் போனா, பட்டா கீதுன்றான். தண்ணிக்குப் பட்டா படிக்கத் தெரியுமாடி?"

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஞாயித்துக்கெழம வராதக்கா. நான் பாத்துக்கறேன்."

போனை வைத்துவிட்டாள்.

நவ. 2, ஞாயிறு. மேகமூட்டம். மழை இல்லை.

பவானியும் நானும் பிளாட்பாரத்தில். கழுவிய ஹார்லிக்ஸ் பாட்டில், ஜாம் பாட்டில், எது கிடைத்ததோ அதில் பச்சடி. வந்த பங்குக்காரர்களிடம் வற்றல் கதையை மறைக்காமல் சொன்னேன். சிரித்தார்கள். ஒரு அம்மா மட்டும், "அந்த ஓவன்கிட்டயா நிக்கற தெனம்?" என்றார்.

எட்டு மணி ரயிலில் அக்கா. கையில் ஒன்றுமில்லை. காலில் சேறு காய்ந்திருந்தது.

"வராதன்னேனே?"

"ஞாயித்துக்கெழம ஊட்ல இன்னா பண்றது? தண்ணியவே பாத்துக்கினு இருக்கறதா?"

ஒரு பாட்டிலைக் கொடுத்தேன். விரலால் தொட்டு நக்கினாள். "உப்பு பத்தல. பூசணம் புடிச்சிக்கும்." மறுபடி தொட்டாள். மறுபடி. அவள் வீட்டில் மூன்று நாளாக வெறும் கஞ்சி என்று பிறகுதான் சொன்னாள்.

"வடிஞ்சதும் கீர வெதைப்பேன். மூணு வாரம் ஆவும். அதுவரைக்கும் ஒண்ணுமில்ல." யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

பவானிதான் முதலில் எங்கள் காலிப் பையை எடுத்து நீட்டினாள். பிறகு அந்த அம்மா. பிறகு ஒவ்வொருவராக. ஃப்ளாட் சாரோடு சேர்த்து நான்கு பேர் அதுவரை வரவில்லை, பையும் இல்லை. அக்கா ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினாள்.

அவள் திரும்பிப்போகும் ரயில் வந்து நிற்கும்போது ஃப்ளாட் சார் படிக்கட்டில் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் பை, சொட்டச் சொட்ட.

"தொவைச்சிட்டேன்மா. காயல."

அக்கா வாங்கித் தண்டவாளத்துப் பக்கம் பிழிந்தாள். உதறினாள். மற்ற பைகள் நனையாமல் தனியாகத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள்.