மொரி இங்கிலீஷ் பேசிய வாரம்

ஈப்போ, ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து மழை. இனி வருஷத்தை ஜப்பான் கணக்கில் 2603 என்றுதான் எழுத வேண்டுமாம். என் நோட்டில் 1943தான். புந்தோங் கடையில் அரிசி இல்லை. மறுபடியும் மரவள்ளிக்கிழங்கு.

என் வீட்டுக்காரர் பெயர் சயாம் பட்டியலில். எஸ்டேட் ஆட்களோடு, கணக்கு எழுதும் கிராணியான அவரும் அங்கே ஜப்பான்காரர்கள் போடும் ரயில் பாதை வேலைக்குப் போக வேண்டுமாம். சனிக்கிழமை ரயில். இதுவரை போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

மத்தியானம் ஜப்பான் ராணுவ மொழிபெயர்ப்பாளர் மொரி கூப்பிட்டு அனுப்பினார். நான் பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் இங்கிலீஷ் பேசினால் வெள்ளைக்காரக் கைதிகள் சிரிக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன்னால் பேச வேண்டும். நானும் கேட்டுவிட்டேன்: உங்கள் பேச்சைச் சரிசெய்கிறேன், என் வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள். தலையாட்டினார்.

ஜூன் 8

வெயில். மொ. என் பழைய வகுப்பறைக்குப் புத்தகம், அகராதி, பென்சிலோடு வந்தார். மூன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

என் முறை: கண்ணை மூடு. நான் மூன்று தடவை சொல்வேன், கேள். நாலாவது தடவைதான் வாய் திறக்கலாம்.

லைட், ரைட் இரண்டும் அவர் வாயில் ஒன்றுதான். இருபது தடவை சொல்ல வைத்தேன்.

வீட்டில் அவருக்குப் பயம். “கத்தி வச்சிருக்கிறவன் லா. அவனையே அதட்டுறியா?”

“எனக்கு அவனும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைதாங்க.”

ஜூன் 10

தொண்டைக் கட்டு. சுக்குத் தண்ணீர். வாக்கியத்தின் நடுவில் இருமினேன். மொ.வும் அதே இடத்தில் இருமினார். காது திறந்துவிட்டது. ஜெயித்தேன்.

ஜூன் 11

யாரும் சிரிக்கவில்லையாம். மொ. குனிந்து வணங்கினார். நாளை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

ஜூன் 12, சனி

ஈப்போ ஸ்டேஷன். பிளாட்பாரம் நிறையக் குந்தியிருந்த ஆண்கள்; அவர்களுக்குள் எங்கோ அவரும். பட்டியல் வேறு அதிகாரியிடம். மொ. கேட்டார்: “யார்?” வாரம் முழுக்க நான் வீட்டுக்காரர் என்று மட்டும்தானே சொல்லியிருக்கிறேன்.

“ஏங்க!” என்று கத்தினேன். பத்துப் பதினைந்து பேர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

“பெயர்?”

கல்யாணமாகி ஆறு வருஷம். ஒருநாளும் அவர் பெயர் என் வாயில் வந்ததில்லை. ரேஷன் அட்டைக்குக்கூடப் பக்கத்து வீட்டு அக்காதான் சொன்னார். ரயில் ஊதியது. மொ. கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“ராமையா.” எனக்கே கேட்கவில்லை. “ராமையா. ராமையா!”

மொ. கண்ணைத் திறந்து அதையே கத்தினார், அப்படியே என் ராகத்தில். மூன்றாவது வரிசையில் அவர் எழுந்தார். விட்டார்கள்.

மற்றவர்களின் மனைவிகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னால் நிமிர முடியவில்லை. ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “இத்தனை பேர் முன்னால பேரைச் சொல்லிட்டியே லா.”

கிழங்கை இறக்கி வைத்தேன்.

“ராமையா, சாப்பிட வாங்க.”