கேட்காமல் போட்ட புள்ளி

ஜனவரி 14, செவ்வாய்

தாதியான எனக்கு இன்று மதிப்பீட்டாளராக முதல் நாள். எங்கள் அவசரப் பிரிவுக் குழு பயிற்சி அறையில் ஒரு பொம்மை நோயாளிக்குச் சிகிச்சை செய்தது. யார் தெளிவாகச் சொல்கிறார், யார் கேட்கிறார் என்று பார்த்து ஐந்துக்குப் புள்ளி போடுவது என் வேலை. பொம்மையின் கைப்பட்டியில் ‘பெனிசிலின் ஒவ்வாது’ என்று எழுதி வைத்திருந்தோம். டொக்டர் சீமோன் பெனிசிலின் ஏற்றச் சொன்னார், ஏற்றினார்கள். பட்டியை வாசித்தவர் ஜோசப்பின் மட்டும்தான் — நான் அக்கா என்று கூப்பிடுபவர். வாய் திறக்கவில்லை. பத்தொன்பது வருடத் தாதி! ஒன்று போட்டேன். சீமோனுக்கு நான்கு.

ஜனவரி 16, வியாழன்

முடிவு வந்துவிட்டது. நான் போட்ட அந்த ஒன்றினால் ஜோசப்பின் அக்கா மூன்று மாதம் உயிர்காப்பு அறைக்குள் வேலை செய்ய முடியாது.

அஜக்ஸ் நகரிலிருந்து தன் காரில் வேலைக்கு வரும் வழியில், ரூஜ் பகுதியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வருபவர் அவர். இன்றும் வந்தார். இறங்கும்போது, “நிரோ, நான் சொன்னனான். ரெண்டு தரம்,” என்றார்.

“எனக்குக் கேக்கேல்லை அக்கா.”

“ஓம். டொக்டருக்கும் கேக்கேல்லை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜனவரி 17

புள்ளி குறைந்தவர்கள் எல்லோரும் இப்படித்தானே சொல்வார்கள்?

ஜனவரி 20, திங்கள்

மதிய இடைவேளையில் அந்தப் பயிற்சியின் வீடியோவைப் பார்த்தேன். நான்காவது நிமிடம். இயந்திரம் கத்துகிறது, அதற்குக் கீழே அக்காவின் மெல்லிய குரல், “டொக்டர், பெனிசிலின் ஒவ்வாது.” சீமோன் திரும்பவில்லை. அக்கா அரை அடி முன்னால் வந்து இன்னொரு தரம் சொல்கிறார். மூலையில் நான் — குனிந்த தலையோடு, சீமோனின் ‘தெளிவான கட்டளை’க்குப் புள்ளி போட்டுக்கொண்டு.

கேட்கிறார்களா என்று பார்க்கப் போனவள் நான். என்னத்தைப் பாத்தனான்?

ஜனவரி 21

மேலாளர் நிலாணியிடம் சொன்னேன்.

“உது மேல போயிட்டுது. மாத்த வேணுமெண்டால் நீர் பிழை விட்டனீர் எண்டு எழுதித் தரவேணும். பிறகு உம்மை உந்த வேலையில வைச்சிருக்க ஏலாது, நிரோஷினி.”

அந்த மதிப்பீட்டாளர் வேலைக்காக எட்டு மாதச் சனிக்கிழமைகளைப் படிப்பில் விட்டிருக்கிறேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

அக்கா உயிர்காப்பு அறைக்குத் திரும்பிவிட்டார். நான் மதிப்பீட்டாளர் இல்லை. காரில் மன்னிப்புக் கேட்டேன்.

“புள்ளி போட முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்,” என்றார். அவ்வளவுதான்.

சரிதான்.

பெப்ரவரி 3

சீமோனும் வீடியோவைப் பார்த்தாராம். இரண்டாம் முறை போடச் சொன்னாராம். பிறகு எழுந்து போனாராம்.

மார்ச் 11, செவ்வாய்

401 நெடுஞ்சாலையில் விபத்து. டோர்செட் பார்க் பகுதியைச் சேர்ந்த ஐம்பது வயது மனிதர், மூச்சு விட முடியாமல் வந்தார். சீமோன் தொண்டைக்குள் குழாய் வைத்தார். அக்காவும் நானும் இரு பக்கமும் நின்றோம். இயந்திரங்கள் எல்லாம் ஒரே சத்தம். அக்கா ஏதோ சொன்னார்.

சீமோன் கையை உயர்த்தினார். யாரோ ஒலியை நிறுத்தினார்கள். “ஜோசப்பின், திரும்பச் சொல்லுங்கள்.”

“இடது பக்கம் நெஞ்சு ஏறவில்லை. குழாய் ஆழமாகப் போய்விட்டது.”

“இடது பக்கம் ஏறவில்லை,” என்று அவரும் சொல்லிக்கொண்டே குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். இரண்டு பக்கமும் ஏறியது. உதட்டில் நிறம் வந்தது.

வெளியே அந்த மனிதரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன பிள்ளை, திடீரெண்டு உள்ளுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் போச்சுது? நான் பயந்து போனன்.”

“இப்ப நல்லா மூச்சுப் போகுது அன்ரி,” என்றேன். “ஒராள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நிண்டனாங்கள்.”