செவுளைத் திறந்து காட்டினேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் இருமல் குறைந்ததா?

ஞாயிறன்று என்னை விலைக்கு வாங்க பெல்ஜியம் கால்பந்து கிளப்காரர் ஒருவர் ஆட்டம் பார்க்க வந்தார். எங்கள் மேலாளர் ஸ்டெய்னர், "அடிபட்ட முழங்கால்ல வலி தெரியாம ஒரு ஊசி போட்டுக்க தம்பி, லொஃபோட்டன் தீவு மீன்காரனுக்கு வலியெல்லாம் ஒரு வலியா?" என்று சிரித்தார். போட்டுக்கொண்டு இரண்டு கோல் அடித்தேன்.

"கால் எப்படி இருக்கு?" என்று பெல்ஜியக்காரர் கேட்டார்.

"மரத்துப் போயிருக்கு. ஊசி போட்டிருக்காங்க."

நம் ஊரில் மீனைக்கூடச் செவுளைத் திறந்து காட்டித்தானே விற்கிறோம்? அவர் என்னை வாங்காமலே போய்விட்டார். இப்போது என்னை அணியிலிருந்து விலக்கித் தனியாகப் பயிற்சி செய்ய வைத்திருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள், நல்ல ஓய்வுதான்.

கம்பளிக் காலுறை இரண்டு அனுப்புங்கள். ஜனவரியில் மீன்பிடிக்கப் போகும்போது படகுக்கு ஆள் வேண்டுமா என்று அப்பாவிடம் விசாரியுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

அவசரத்தில்,
ஹால்வர்