மல்லிகாவின் விரலும் மாதிரித் தேர்வும்

நவ. 18, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. உப்புக் குவியல் மேல் போட்ட தார்ப்பாய் ஒரு மூலையில் பிய்ந்துவிட்டது. ஆள் அனுப்பினேன். பெங்களூரு லோடு நாளைக்கு இல்லை, வியாழன்தான்.

மதியம் நூலகம். அட்டை எண் போட்டால் பாடம், புத்தகம், மாதிரித் தேர்வு எல்லாம் ஆன்லைனில் இலவசம். எனக்குக் கன்னடம், மூன்றாம் பாடம். லாரி டிரைவர்கள் என் எதிரிலேயே என்னவோ பேசிச் சிரிக்கிறார்கள். இன்னும் இரண்டு மாதம், அப்புறம் சிரிக்கட்டும்.

அங்கே மல்லிகா. என் கொட்டகையில் பாக்கெட் போடும் பெண்களுக்குத் தலைமை. காலையில் காய்ச்சல் என்று லீவு கேட்டவள். கையில் நூலக டேப்லெட். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"காய்ச்சல் எப்படி இருக்குது?"

"இப்பதான் விட்டுச்சுண்ணே."

நூலகர் மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

விஷயம் இது: பத்தாவது பாஸ் ஆனால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாமாம். தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சனிக்கிழமை கடைசி. மாதிரித் தேர்வில் நாற்பது கேள்வி, முப்பது நிமிடம். மூன்று தடவை எழுதியும் பதினொன்றைத் தாண்டவில்லை.

"மண்டையில ஏறலண்ணே. உட்டுடலாம்னு இருக்கேன்."

பக்கத்தில் நின்று பார்த்தேன். சரியான விடை மேல்தான் விரல் வைக்கிறாள். திரை வாங்கவில்லை. நாலு தடவை அழுத்தினால் ஒரு தடவை வாங்குகிறது. அதற்குள் நேரம் முடிந்துபோகிறது. பதினைந்து வருடம் உப்பு வாரிய விரல், காய்த்துப் போய் ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினிலும் இதே பாடுதான். உப்புப் பாத்தியில் நானே இறங்கி வேலை பார்த்த காலத்தில் என் விரலையும் போன் இப்படித்தான் மதிக்காது.

சொல்லவில்லை. இவள் போய்விட்டால் கொட்டகையை யார் பார்ப்பது? வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவ. 20, வியாழன்

தூறல். லோடு போயிற்று. "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்திலேயே சாப்பாட்டை விசாரித்தேன். டிரைவர் திறந்த வாய் மூடவில்லை.

வாங்க: தார்ப்பாய் 2, சாக்குத் தைக்க நூல், சுகர் மாத்திரை.

கொட்டகையில் பெண்கள் பேச்சு காதில் விழுந்தது.

"ஏண்டி டீச்சரம்மா, பரிட்சை எப்போ?"

"அதெல்லாம் வுட்டாச்சுக்கா. நம்ம மண்டைக்கு அதெல்லாம் வராது."

மல்லிகா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கொஞ்ச நேரம் கை மட்டும் ஓடவில்லை.



நவ. 22, சனி

வெயில். நேற்று வெள்ளி, நூலகம் லீவு. இல்லாவிட்டால் நேற்றே சொல்லியிருப்பேன். பொய். நேற்றும் மனசு வரவில்லை.

இன்று காலை அவளைக் கூப்பிட்டுக்கொண்டு நூலகம் போனேன்.

"டேப்லெட் வேணாம் மேடம். மௌஸ் வச்ச கம்ப்யூட்டர் குடுங்க."

"அதுல நீங்கதானே சார் கன்னடம் படிப்பீங்க?"

"இன்னிக்கு இவ படிக்கட்டும்."

மௌஸ் பழக அரைமணி. எலியைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பிறகு தேர்வு. இருபத்தொன்பது.

திரையில் இருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்போ எம் மண்டை இல்லியா?"

"இல்ல. விரலு. உப்பு பண்ண வேலை."

விண்ணப்பம் அங்கேயே போட்டாயிற்று. மேடம் உதவினார்.

வாசலில் நின்று கேட்டாள்.

"அன்னிக்குப் பக்கத்துல நின்னு பாத்தீங்களே. அப்பவே தெரியுமாண்ணே?"

"தெரியும்."

குனிந்து செருப்பு மாட்டினாள். நிமிரும்போது முகத்தில் ஒன்றுமில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து நாலு மணிக்கே படிக்கக் கெளம்பிடுவேன்."

கேட்கவில்லை, சொன்னாள். சரி என்றேன்.