கடைசியாகச் சேர்ந்த மாப்பிள்ளை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முட்டிவலி எங்களைவிட நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பியதாக வைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் எனக்குப் பாடம் எடுத்தாய். ஆள் நிர்வாகத்தில் மனசைக் கலக்காதே, விதிப்படி நட என்றாய். இருபத்திரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் அதே வேலை நாற்காலியைத் தேய்ப்பவளிடம். சரி, கேட்டேன். வந்த வினையைப் படி.

எங்கள் பேக்கிங் பிரிவுக்கு இயந்திரக் கை ஒன்று வந்து எட்டு மாதம். பெட்டியை அடுக்கி டேப் ஒட்டும். அதற்குத் தனி ஏசி, துடைத்துவிட ஒரு ஆள், யாரும் அதட்டக் கூடாது. அதனால் பெயர் மாப்பிள்ளை. பணியாளர் எண் போடாமல் எந்த இயந்திரத்தையும் ஓடவிடாது எங்கள் கணினி. இதுவோ ஆளே வேண்டாம் என்று சொல்லி வாங்கியது. அவசரத்தில் நான் அதற்கே ஒரு எண் கொடுத்தேன், சேர்ந்த தேதியோடு. மறந்தும் போனேன். விடுப்பே எடுக்காத ஊழியர் என்று மாதாமாதம் பாராட்டு அறிக்கை வந்திருக்கிறது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மேனேஜர் வந்தார். பேக்கிங்கில் ஒருத்தர் அதிகம், கடைசியாகச் சேர்ந்தவரை அனுப்பும் கடிதம் நாளைக்கே வேண்டும் என்றார். அப்படியென்றால், பேக்கிங்கில் நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் பெண். சேர்ந்து ஒன்றரை வருடம், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. டேப் சிக்கி மாப்பிள்ளை முரண்டு பிடித்தால் துடைப்பக் கட்டையால் எங்கே தட்டுவது என்று அவளுக்கு மட்டுமே தெரியும், எஞ்சினியருக்குத் தெரியாது. என்னை அனுப்பிட்டா இந்த ஆளோட யாரு அக்கா குடும்பம் நடத்துவா என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

பட்டியலைத் திறந்தேன். கடைசி வரியில் அவள் இல்லை. மாப்பிள்ளை.

விதிப்படி அவருக்கே கடிதம் அடித்தேன். எண்ணை ரத்து செய்தேன். புதன் காலை மாப்பிள்ளை விரலைக்கூட அசைக்கவில்லை. என்னம்மா விளையாடுறீங்களா என்று மேனேஜர் குதித்தார். கடைசியா சேர்ந்தவரைத்தானே சார் கேட்டீங்க என்றேன். புது எண் போடச் சொன்னார். புதிய ஆள் எடுக்கக் கூடாது என்ற அவருடைய சுற்றறிக்கையையே நீட்டினேன். விண்ணப்பத்தில் தந்தை பெயர் கேட்கும், உங்கள் பெயரைப் போடவா என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இரண்டு நாளில் பெட்டிகள் வாசல்வரை குவிந்தன. மற்றவர்களின் எண்கள் எல்லாம் வேறு இயந்திரங்களில். அதிகம் என்று அவர் சொன்ன ஒரே எண்தான் மிச்சம், வாயாடியுடையது. வெள்ளிக்கிழமை அவரே அவளைக் கூப்பிட்டார். இப்போது அவள் தன் எண் உள்ள அட்டையைக் காட்டினால்தான் மாப்பிள்ளை கையைத் தூக்குவார்.

எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. ரிட்டையராக ரெண்டு வருஷம்தானே பாக்கி, வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல என்கிறார் அப்பா. பயமில்லை என்று எழுத மாட்டேன். பதிலில் ஒரே வரி: விதிப்படி நடந்தேன். உன்னிடம் கற்றது என்று சேர்க்கவில்லை.

சளிக்கு வெந்நீர் குடி. நூறு வயது நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே: உன் அலுவலகத்திலும் ஒரு மாப்பிள்ளை வந்து இறங்குவார். அன்றைக்கே அவர் சேர்ந்த தேதியைக் குறித்து வை.

இப்படிக்கு,
இதை எழுதும்வரை வேலையில் இருக்கும்
உன் அம்மா