கொண்டுவந்தவன் காதில் விழட்டும்

கண்டிப் பாளையம்,
கீலக வருடம் ஆவணி 20

என்னைப் பெற்ற ஆத்தா வேலாயியின் காலைத் தொட்டு மகன் பெரியதம்பி எழுதுவது. உடம்பு சுகம். கையெழுத்தும் என்னுடையதே, இந்தப் படைப் பாளையத்துக்கு வந்துதான் எழுதப் பழகினேன்.

இதை வாசிக்கும் லாபிர் நானாவுக்குச் சலாம். நானா, கடிதம் கொண்டுவந்த ஆள் பதிலுக்காக உங்கள் கடை வாசலில் நிற்பான். அவனுக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லும்வரை ஆத்தாவுக்கு மட்டும் கேட்கும்படி வாசியுங்கள்.

ஆத்தா, நிற்பது நம்மைக் காப்பித் தோட்டத்துக்கு நடத்திக் கூட்டிவந்த சின்னமுத்துக் கங்காணிதான். கையை ஓங்கிவிடாதே. பொறு.

இரண்டு வருடத்துக்கு முன் படையில் சேர்ந்தபோது, துப்பாக்கி கிடைத்த மறுநாளே அவன் கதையை முடிப்பேன் என்று சபதம் போட்டேன். நீயும் அதற்காகத்தான் என்னை அனுப்பினாய். அப்போது எனக்குப் பதினாறு. முதல் வெடிக்கே கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைக் கீழே போட்டேன். மலாய்க்காரச் சிப்பாய்கள் ஒரு வாரம் சிரித்தார்கள்.

சிங்களவர் கலகம் வந்ததும் சிரிப்பெல்லாம் போயிற்று. சென்ற மாதம் மரத்தில் கட்டிய ஒரு சிங்கள வாலிபனைச் சுடச் சொன்னார்கள். என் வயதுதான் இருக்கும். தண்ணீர் கேட்டான். கொடுக்க உத்தரவில்லை. கண்ணை மூடாமல் சுட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

முந்தாநாள் சாவடியில், அனுமதிச் சீட்டில்லாமல் வந்த பத்துப் பேரைப் பிடித்தோம். அதில் இவனும் ஒருவன். என் மீசையையும் சட்டையையும் பார்த்து அடையாளம் தெரியாமல், தொரை தொரை என்று காலில் விழுந்தான். இவன் யார் என்று கேப்டன் என்னைத்தான் கேட்டார். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் மட்டுமே. கலகக்காரருக்கு வெடிமருந்து சுமப்பவன் என்று ஒரு சொல் போதும், பொழுது சாயுமுன் சுட்டிருப்பார்கள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதற்குச் சாகிறோம் என்று தெரியாமலே செத்திருப்பான். அது எனக்குப் போதாது. காப்பித் தோட்டத்துக் கங்காணி என்று உண்மையைச் சொல்லி விடுவித்தேன்.

பிறகு புகையிலை கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். பேதி கண்டவனைத் தூக்கிக்கொண்டா நடக்க முடியும், மரத்தடியில் போட்டுவிட்டு வருவோம், எரித்துவிட்டதாக வீட்டாரிடம் சூடத்தில் அடித்துச் சத்தியமே செய்துவிடுவோம் என்றான். அதில் பெருமை வேறு. பதில் வாங்கிவர வேண்டும் என்று சொல்லி, வழிக்கு அனுமதிச் சீட்டும் கொடுத்து, இந்தக் கடிதத்தை அவன் கையிலேயே அனுப்புகிறேன்.

நானா, இனி உரக்க வாசியுங்கள்.

சின்னமுத்து, எங்களை முன் கூட்டத்தோடு அனுப்பிவிட்டு, தம்புள்ளைக் காட்டில் நீ உயிரோடு போட்டுவிட்டு வந்த கணபதி என் அப்பா. அவர் தண்ணீர் கேட்டதைப் பின் கூட்டத்தில் வந்த கூலிக்காரி ரத்தினம்மா காதால் கேட்டாள். அவளையும் நிற்கவிடாமல் பிரம்பால் ஓட்டினாய். இதோ நிற்பவள் அவர் பெண்சாதி. இவளிடமும் சூடத்தில் அடித்தாய். இப்போது இவள் முகத்தைப் பார்த்து, நடந்ததை உன் வாயால் சொல். ஓடுவதென்றால் ஓடு. கண்டியிலிருந்து மாத்தளைவரை சாவடிகளில் நிற்பது எங்கள் படைதான்.

ஆத்தா, அவன் சொல்லி முடித்தபின் என்ன செய்வதென்பது உன் இஷ்டம். நீ எது செய்தாலும் அது நான் செய்ததே. ஒன்று மட்டும் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கண்டியிலிருந்து வெயிலில் நடந்து வந்திருப்பான். முதலில் அவனுக்கு ஒரு சிரட்டை தண்ணீர் கொடு. குடித்து முடிக்கும்வரை முகத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டு நில்.

உன் மகன்
பெரியதம்பி