நோன்பில்லாத நாளில் இன்டர்வியூ

மார்ச் 9, 2025

இரண்டாவது ஆஸ்பத்திரியும் கைவிரித்துவிட்டது. "எக்ஸ்பீரியன்ஸ் காணாது தங்கச்சி." வேலை தராமல் அனுபவம் எங்கேயிருந்து வரும்? கடையில் விற்கிறார்களா? தாதியர் டிப்ளோமாவும் ஆறு மாத வார்டுப் பயிற்சியும்தான் என்னிடம் இருக்கிறது.

வாப்பா சொன்னார், "பெருநாள் வரைக்கும் பாரு மகள். இல்லாட்டி மாமாட புடவைக் கடைக்குப் போ." பிரஷர் பார்க்கப் படித்தது சல்வார் மடிக்கவா? நோன்போடு கோபப்படக் கூடாது என்பதால் பேசாமல் இருந்தேன். எழுதலாம்தானே.

மார்ச் 14

கல்முனையிலிருந்து அழைப்பு! ஒரு தனியார் ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு இன்டர்வியூ. உம்மா அப்போதே என் அபாயாவை அயன் பண்ணத் தொடங்கிவிட்டா. இன்னும் நாலு நாள் இருக்கிறது உம்மா.

மார்ச் 17

மாதவிலக்கு வர வேறு நாளே கிடைக்கவில்லை. தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. நாளைக்குப் பகல் முழுக்க நோன்பாளி மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நோன்பு மாதத்தில் ஒரு பெண் வெளியில் ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் போதும், காரணம் ஊருக்கே தெரிந்துவிடும்.

உம்மா பேக்கில் தண்ணீர்ப் போத்தலை ஒளித்து வைத்தா. "பாத்ரூமுக்குள்ள போய்க் குடி. ஆருட கண்ணிலயும் பட்டிராத."

மார்ச் 18

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

என்னோடு இன்டர்வியூவுக்கு வந்தவள் சிபானா. கொழும்பில் இரண்டு வருடம் வேலை செய்தவள். அவளுடைய ஃபைலின் தடிப்பைப் பார்த்ததும் எங்களூர் பாலமுனைக்கு அடுத்த பஸ் எப்போது என்றுதான் யோசித்தேன்.

கேள்வி கேட்டவர்கள் உசாந்தினி மேட்ரனும் ஒரு டொக்டரும். எனக்குப் பாதிக் கேள்விக்குத்தான் பதில் தெரிந்தது. மற்றதற்கு, "தெரியாது மேடம், கேட்டுச் செய்வன்" என்றேன். எத்தனை தரம்தான் அதையே சொல்வது!

பிறகு எங்களை வார்டைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரே சத்தம். இறக்காமத்திலிருந்து கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்த சுபைறா என்ற பெண், ஐம்பது வயதிருக்கும், வேர்த்து விறுவிறுத்து நடுங்கிக்கொண்டிருந்தா. சுகர் 58க்கு இறங்கியிருந்தது. விடியுமுன் சஹருக்குச் சாப்பிட்டதோ ஒரு வாழைப்பழம். சுகர் குளிசையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கிறா. இப்போது குளுக்கோசும் வேண்டாமாம், ஊசியும் வேண்டாமாம். நோன்பு முறிந்துவிடுமாம்.

மேட்ரன் கெஞ்சினா. டொக்டர் அதட்டினார். சிபானா, நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்று அழகாக விளக்கினாள்.

"எனக்கு நீ ஓதித் தராத புள்ள. பதிமூணு வயசில இருந்து ஒரு நோன்பும் விட்டதில்ல."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க கதைச்சுப் பாருங்க."

கதைத்தால் கேட்கிற ஆளா அது? நான் இரண்டு கப்பில் குளுக்கோஸ் கரைத்தேன். கட்டிலில் அவவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துக் குடித்தேன். டொக்டர் நிற்கிறார், பக்கத்துக் கட்டில்காரியின் புருஷன் நிற்கிறார், வாசலில் ஆட்கள். முகத்தில் நெருப்புப் பிடித்தது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

சுபைறா ராத்தா நடுக்கத்தை மறந்து என்னையே பார்த்தா.

"அல்லாஹ் எனக்கு இண்டைக்குச் சலுகை தந்திரிக்கான் ராத்தா. நான் எடுத்துக்கிட்டன். ஒங்களுக்கும் அவன்தான் தந்திரிக்கான். வேணாமெண்டு திருப்பிக் குடுக்க நீங்க ஆரு?"

"வெக்கங்கெட்டவளே!" என்றா. என்றுவிட்டு, கப்பை வாங்கிக் குடித்தா. கால் மணித்தியாலத்தில் சுகர் ஏறியது. அதற்குப் பிறகும் எனக்கு ஏச்சுத்தான்.

வெளியில் வந்ததும் மேட்ரன் என் கையைப் பிடித்தா. கண் கலங்கியிருந்தது. "அவவுக்காக உங்கட நோன்பையே முறிச்சிட்டீங்களே பிள்ள."

ஓம் என்று தலையாட்டியிருந்தால் அந்த இடத்திலேயே வேலை. மேட்ரன் இந்து, அவவுக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் பொய்யால் கிடைக்கிற வெள்ளை யூனிஃபோர்ம் எனக்கு வேண்டாம்.

"இல்ல மேடம். நான் முறிக்கல்ல. எனக்கு இண்டைக்கு நோன்பில்லாத நாள்."

டொக்டர் நிலத்தைப் பார்த்தார். மேட்ரன் கையை விட்டுவிட்டா. "சரி, அறிவிக்கிறம்." அவ்வளவுதான்.

வேலை போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஒரு உயிர் என் கையால் எழும்பி உட்கார்ந்து எனக்கே ஏசியதே!

மார்ச் 19

வார்டு வாசலில் எங்களூர் ஆள் யாரோ நின்றிருக்கிறார்கள். கதை இன்று காலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

"ஆம்புளயள் பாக்கக் குடிச்சியா? நான் போத்தல் தந்தது எதுக்கு?" — அதோடு உம்மா என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டா. கஞ்சியைக்கூட வாப்பாவிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறா.

வாப்பா கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டார், "அந்தப் பொம்புள எழும்பிட்டாவா?"

"ஓம் வாப்பா."

"அப்ப சரி."

மார்ச் 23

ஆஸ்பத்திரியிலிருந்து கோல் இல்லை.

மார்ச் 26

மேட்ரன் கோல் எடுத்தா! "உங்களுக்கு அனுபவம் காணாது, அதில மாற்றமில்ல. மூணு மாசம் பாப்பம். கை வேலையப் பழக்கலாம். அண்டைக்கு என்னட்ட உண்மையச் சொன்னீங்களே, அத நான் ஆருக்கும் பழக்கேலாது." சிபானாவையும் எடுத்திருக்கிறார்கள். நல்லது, அவளிடம் கேட்டுப் பழகலாம்.

சத்தம் போட்டுச் சொன்னேன். வாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். உம்மா குசினியில் எதையோ கழுவிக்கொண்டே இருந்தா. அழுதுவிட்டேன். சந்தோசமா கவலையா என்று கேட்டால் தெரியாது.

மார்ச் 31

பெருநாள். உம்மாவுக்குச் சலாம் சொன்னேன். பதில் சலாம் சொன்னா, அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஏப்ரல் 10

வேலை தொடங்கி நாலாம் நாள். வார்டில் போன் பாவிக்கக் கூடாது. லொக்கரில் வைத்துவிட வேண்டும். பதினொரு மணியளவில் வார்டு மேசைப் போன் அடித்தது. சிபானா எடுத்து, சிரித்துக்கொண்டே நீட்டினாள். "பஸ்மினா மிஸ்தான் வேணுமாம்."

நர்ஸ்மாரை மிஸ் என்பார்கள்தான், ஆனால் இந்த ஊரில் இன்னும் ஒருத்தரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. யாராக இருக்கும்?

"பஸ்மினா மிஸ்ஸா கதைக்கிறது?"

உம்மா!

"இஞ்ச அடுத்த வீட்டுப் புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல். எங்கட மிஸ்ஸிட்டக் கேட்டுச் செல்றனெண்டு செல்லிட்டன். எல்லாரும் வந்து இரிக்கிறாங்க, போன ஸ்பீக்கர்ல போட்டிரிக்கன். எல்லாருக்கும் கேக்கக் கொஞ்சம் பெலத்துக் கதைங்க மிஸ்."

பெலத்துக் கதைத்தேன்.